வண்டி நின்றதும் சாவியைத் தொடாதீர்கள்

கேள்வி: அண்ணே, வணக்கம். எனக்குக் கொரடாச்சேரி பக்கம் ஒரு கிராமம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தராக இருக்கிறேன். இரண்டரை மாதத்துக்கு முன் புதிதாக 125 சிசி பைக் எடுத்தேன். இதுவரை 2,100 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வண்டி திடீர் திடீரென்று ஆஃப் ஆகிவிடுகிறது. ஆற்றங்கரைச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு தடவை, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கும்போது மூன்று தடவை. சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் ஸ்டார்ட் ஆகிறது. ஒரு தடவை கேட்டில் ஆஃப் ஆன வண்டி, கிளட்சைப் பிடித்ததும் செல்ஃபைத் தொடாமலே தானாக ஸ்டார்ட் ஆனது. அதைச் சொன்னதிலிருந்து அம்மா 'திருஷ்டிதான்' என்று முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டார். அப்பாவோ, 'முப்பது வருஷம் பைக் ஓட்டினேன், இப்படி ஒரு வண்டியைப் பார்த்ததில்லை' என்கிறார். சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை போனேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு 'ஒரு எரரும் இல்லை, பெட்ரோல்தான் சரியில்லை' என்றார்கள். பங்க்கை மாற்றினேன், பலனில்லை. மீட்டரில் மணி வேறு அடிக்கடி தப்பாகி 1:00-ல் போய் நிற்கிறது, அது தனிக் கதை. வண்டியையே மாற்றித் தரச் சொல்லிக் கேட்க முடியுமா?

பதில்: தம்பி, 'அது தனிக் கதை' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், கதையே அதுதான். அதற்கு வருகிறேன். முதலில் ரயில்வே கேட்டை முடித்துவிடலாம்.

நீங்கள் எழுதியிருக்கும் மாடலில், வண்டி சும்மா நிற்கும்போது பெட்ரோல் வீணாகாமல் இன்ஜினைத் தானாக நிறுத்தும் வசதி உண்டு. இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்து, நியூட்ரலில் போட்டுவிட்டுச் சில நொடிகள் ஐடிலில் விட்டால் அதுவே ஆஃப் ஆகும். கிளட்சைப் பிடித்தால் அதுவே ஸ்டார்ட் ஆகும். நீடாமங்கலம் கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்கு, அந்த வசதி வேலை செய்ய அதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் கிடையாது என்பது தெரியும். இன்ஜின் சூடேறாவிட்டாலோ, பேட்டரி இறங்கியிருந்தாலோ அது வேலை செய்யாது. 'சில நாள் நிற்கிறது, சில நாள் நிற்கவில்லை' என்று நமக்குத் தோன்றுவது அதனால்தான். ஹேண்டில்பாரில் வலது கைப் பக்கம் அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஆன் ஆகியிருந்தால் மீட்டரில் ஒரு பச்சை விளக்கு தெரியும். வேண்டாமென்றால் ஆஃப் பண்ணிவிடுங்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர் மன்னார்குடியில் என் ஒர்க் ஷாப்புக்கு இதே புகாரோடு வந்தார். வண்டியை நிறுத்தினார், இன்ஜின் நின்றது. 'பார்த்தியா, பார்த்தியா!' என்றார். நான் கிளட்சைப் பிடித்தேன், ஸ்டார்ட் ஆனது. அன்றைக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான் கூலி. டெலிவரி கொடுக்கும் அன்றே ஷோரூமில் இதைக் காட்டித் தர வேண்டும். மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, போட்டோ எடுக்கிற அவசரத்தில் யார் காட்டுகிறார்கள், யார் கேட்கிறார்கள்?

ஆக, ஏழில் மூன்று வியாதியே இல்லை. இதையும் ஆற்றங்கரையில் நின்ற நான்கையும் சேர்த்து ஒரே புகாராகச் சொன்னதுதான் சர்வீஸ் சென்டரில் குழப்பத்துக்குப் பாதிக் காரணம். 'சிக்னலில் நிற்கிறது, ஓடும்போதும் நிற்கிறது, நின்றால் தானாக ஸ்டார்ட் ஆகிறது' என்று கேட்கிற மெக்கானிக்குக்கு எங்கே கை வைப்பது என்றே தெரியாது.

இப்போது அந்த நான்கு. குறுவை அறுவடை நேரத்தில் உங்கள் ஆற்றங்கரைச் சாலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாதி ரோட்டில் நெல் காயும். மீதிப் பாதியில் அறுவடை மெஷினும் டிராக்டரும் வயலிலிருந்து இழுத்து வந்த சேறு கட்டி கட்டியாகக் காய்ந்து கிடக்கும். வண்டி தடதடவென்று ஆடிக்கொண்டேதான் போகும். நான்கு தடவையும் ஆடுகிற சாலையில்தான் நின்றிருக்கிறது. மன்னார்குடி மெயின் ரோட்டில் ஒரு தடவைகூட நின்றதாக நீங்கள் எழுதவில்லை. அதோடு மணி 1:00.

மீட்டரில் ஓடுகிற கடிகாரத்துக்குச் சாவியோடு சம்பந்தமில்லை. சாவியை எடுத்துவிட்டு ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்தினாலும் காலையில் சரியான மணிதான் காட்டும். பேட்டரியிலிருந்து நேராக வரும் ஒரு ஒயரில் அது ஓடுகிறது. அது 1:00-க்குப் போய்விடுகிறது என்றால், ஒரு கணமாவது பேட்டரி கரண்ட் முழுவதுமாக அறுந்திருக்கிறது. பேட்டரி மாற்றும்போது பாருங்கள், பெரும்பாலான வண்டிகளில் மணி இப்படித்தான் முதலுக்குப் போகும். உங்கள் வண்டியில் யாரும் பேட்டரியைக் கழற்றவில்லை. ஆடும்போது அதுவே கழன்று ஒட்டுகிறது.

என் சந்தேகம் பேட்டரி டெர்மினல் மேல். பிளஸ்ஸோ மைனஸோ, ஒன்று சரியாக முறுக்கப்படவில்லை. சின்ன பேட்டரிகளில் டெர்மினலின் காடிக்குள் ஒரு சதுர நட் சும்மா உட்கார்ந்திருக்கும். மேலிருந்து போல்ட்டைப் போட்டுத் திருக வேண்டும். நட் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால் போல்ட் நாலு சுற்று சுற்றி இறுகின மாதிரியே கைக்குத் தெரியும், ஆனால் ஒயர் நுனி மட்டும் லேசாக ஆடும். நாள் நட்சத்திரம் பார்த்து ஒரே காலையில் பத்துப் பதினைந்து வண்டி டெலிவரி போகிற ஷோரூமில் ஒரு பையன் இப்படி ஒன்றை விட்டுவிடுவது அதிசயமில்லை. புது வண்டி 'காரணமே இல்லாமல்' நிற்கிறது என்று என்னிடம் வந்தவற்றில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான்.

அப்பா சொல்வதும் நியாயம்தான். அவர் ஓட்டிய கார்புரேட்டர் வண்டிகளில் பெரும்பாலும் பேட்டரி செத்தே போனாலும் கிக்கரை உதைத்தால் ஓடும். பெட்ரோல் தன் எடையில் கீழே இறங்கியது. பிளக்குக்கு வேண்டிய கரண்ட்டை மேக்னட் காயில் கொடுத்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு நிலைமை வேறு. டேங்குக்குள்ளே ஒரு மோட்டார் பம்ப் உட்கார்ந்து பெட்ரோலை அழுத்தத்தோடு தள்ளுகிறது. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும், பிளக் எப்போது அடிக்க வேண்டும் எல்லாவற்றையும் இசியூ என்கிற சின்னப் பெட்டி தீர்மானிக்கிறது. கண் இமைக்கிற நேரம் கரண்ட் துண்டித்தாலும் அந்தப் பெட்டி மயங்கிவிடும். அது மயங்கினால் இன்ஜின் நின்றது நின்றதுதான்.

'ஒரு எரரும் இல்லை' என்றவர்களும் பொய் சொல்லவில்லை. சென்சார் கெட்டால், இன்ஜெக்டர் ஒயர் விட்டால் இசியூ அதைக் குறித்து வைக்கும். மஞ்சள் இன்ஜின் விளக்கும் எரியும். இங்கே கரண்ட் இழந்தது இசியூவே. மயங்கி விழுந்தவரை எழுப்பி உட்கார வைத்து 'என்ன நடந்தது?' என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? ஸ்கேனரில் ஒன்றும் வரவில்லை என்பதும் ஒரு துப்புதான். அதை 'வண்டியில் ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொண்டது தவறு.

சரி, இப்போது எழுந்து போய் வண்டியைப் பாருங்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி இருக்கிற சைடு மூடியைக் கழற்றுங்கள். உங்கள் மேனுவலில் படம் போட்டிருக்கும். இரண்டு டெர்மினலிலும் ஒயர் நுனியை விரலால் பிடித்து, குழாயைத் திருப்புகிற மாதிரி லேசாகத் திருப்பிப் பாருங்கள். துளியும் அசையக்கூடாது. அசைந்தால் உடனே ஸ்பானரை எடுக்காதீர்கள். முதலில் போனை எடுத்து, அது அசைவதை வண்டி நம்பரும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். பிறகு இறுக்கலாம், இல்லை அப்படியே மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் சர்வீஸ் சென்டரில் காட்டலாம். நீங்களே கழற்றி மாட்டுவதென்றால் மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். பிளஸ்ஸைத் தொட்டிருக்கிற ஸ்பானர் பிரேமில் பட்டால் பொறி பறக்கும். மைனஸ் ஒயரின் இன்னொரு நுனி இன்ஜினிலோ பிரேமிலோ போல்ட் போட்டு எர்த் ஆகியிருக்கும். அதையும், பக்கத்தில் இருக்கும் மெயின் ஃபியூஸ் தளர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உப்புக் காற்றில் டெர்மினல் பச்சை பூக்கும். துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள்.

டெர்மினல் இரண்டும் கல் மாதிரி இருந்தால்? அப்போதுதான் தலைப்பில் சொன்ன விஷயம் வேண்டியிருக்கிறது. வண்டி நின்றதும் நாம் எல்லோரும் செய்கிற முதல் காரியம் சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. கை தானாகப் போகும். அந்த ஒரு திருப்பில் சாட்சியம் எல்லாம் அழிந்துவிடுகிறது. அடுத்த தடவை நின்றால் ஓரம் கட்டி, சாவியைத் தொடாமல் மீட்டரைப் பாருங்கள்.

மீட்டரே இருட்டாக இருந்தால் கரண்ட் வரவில்லை. ஹாரனை அழுத்துங்கள், அதுவும் ஊமையாக இருந்தால் உறுதி. பிறகு மீட்டர் உயிர் பெற்றதும் மணியைப் பாருங்கள். 1:00-க்குப் போயிருந்தால் பேட்டரி பக்கம். மணி சரியாக ஓடிக்கொண்டிருந்தால் சாவி சுவிட்சிலோ அதற்கு வரும் ஒயரிலோ கோளாறு. கொத்தாகக் கனமான சாவிக்கொத்து தொங்கவிட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஹெட்லைட் அணைந்ததை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இன்றைய வண்டிகளில் இன்ஜின் ஓடினால் ஹெட்லைட் எரியும், பல மாடல்களில் இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

மீட்டர் நன்றாக எரிகிறது, இன்ஜின் மட்டும் நின்றிருக்கிறது என்றால், சாவியைத் தொடாமல் அப்படியே கிளட்சைப் பிடித்து செல்ஃப் அடியுங்கள். ஸ்டார்ட் ஆகவே மறுத்து, சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிய பிறகுதான் ஆகிறதென்றால், வண்டி சாய்ந்து விழுந்தால் இன்ஜினை நிறுத்துகிற சென்சார் மேல் சந்தேகம் திரும்பும். பெரும்பாலான வண்டிகளில் அது ஒருமுறை நிறுத்திவிட்டால் சாவியை அணைத்துப் போடும்வரை விடாது. அதன் ஸ்குரூ தளர்ந்து ஆடினால், நிமிர்ந்து போகிற வண்டியையே விழுந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். சாவியைத் தொடாமலே ஸ்டார்ட் ஆகிவிட்டால் நான் சைடு ஸ்டாண்ட் சுவிட்சைப் பார்ப்பேன்.

இந்த சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் நம் ஊர் அறுவடைக் காலத்துக்கே உரிய தொல்லை. ஸ்டாண்டை மடக்காமல் கியர் போட்டால் இன்ஜினை நிறுத்துவதற்காக வைத்திருக்கிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் அது தரைக்கு ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. சேறு அப்பும், வைக்கோல் சுற்றும். போன தை மாதம் ஒரு வண்டியில் ஸ்டாண்ட் ஸ்பிரிங்குக்கும் சுவிட்சுக்கும் நடுவில் பிரி மாதிரி முறுக்கிக்கொண்டிருந்த வைக்கோலை ஸ்குரூ டிரைவரால் நெம்பி நெம்பி எடுத்தேன். ஸ்டாண்ட் மடங்கியிருப்பது போலத்தான் கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் அரை விரல் கடை இடைவெளி. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டாண்ட் ஒரு துள்ளு துள்ளும், சுவிட்ச் 'ஸ்டாண்ட் போட்டாச்சு' என்று சொல்லும், இன்ஜின் நிற்கும். இதைச் சோதிக்கக் காசு செலவில்லை. தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, பழைய டியூபில் வெட்டிய ரப்பரால் ஸ்டாண்டை மேலே இழுத்துக் கட்டி, அதே சாலையில் ஒரு நாள் ஓட்டுங்கள். நிற்கவில்லை என்றால் ஆளைப் பிடித்துவிட்டோம். வண்டியை நிறுத்தும்போது பெரிய ஸ்டாண்ட் போட மறந்து கீழே போட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான். சில மெக்கானிக்குகள் அந்த சுவிட்ச் ஒயரை வெட்டி நேராக முறுக்கிவிட்டு 'இனி வராது' என்பார்கள். வராதுதான். ஆனால் ஸ்டாண்ட் கீழே இருப்பது தெரியாமல் இடப்பக்கம் திரும்பினால் அது தரையில் குத்தித் தூக்கி எறியும். வாரண்டியும் போய்விடும். செய்ய விடாதீர்கள்.

வண்டி நிற்கும் நேரத்தில் ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டிருந்தீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஹேண்டில் தண்டுக்குப் பக்கத்தில் ஒயரிங் கிட், அதாவது ஒயர்க் கட்டு, இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தால் திருப்பும்போது இழுபடும். இன்னொன்று, உங்கள் அம்மா கட்டிய எலுமிச்சம்பழம். இருக்கட்டும், அவர் மனசுக்கு ஆறுதல். ஆனால் ஹெட்லைட்டுக்குப் பின்னால் கனெக்டர்கள் இருக்கிற இடத்தில் தொங்கவிடாதீர்கள். அழுகிச் சொட்டும் புளிச்சாறு செம்புக்கு ஆகாது.

பெட்ரோலைப் பற்றிச் சுருக்கமாக. பெட்ரோல் கோளாறில் வண்டி விளக்கை அணைத்த மாதிரி நிற்காது. இருமும், கட் அடிக்கும், இழுவை குறையும், பிறகுதான் சாகும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, அது தண்ணீரை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பம்ப் அடியிலிருந்துதான் இழுக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இப்படிச் சில வண்டிகள் வருவதுண்டு. ஆனால் அது பெட்ரோல் போட்ட கையோடு தெரிந்துவிடும், மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆகவே அடம் பிடிக்கும். இரண்டரை மாதத்தில் நான்கே தடவை, அதுவும் கரடுமுரடான சாலையில் மட்டும் நிற்கிற பெட்ரோலை நான் பார்த்ததில்லை. டேங்கைக் கழுத்து வரை நிரப்புவதையும், ஐம்பது ரூபாய்க்குப் போட்டு எப்போதும் ரிசர்வில் ஓட்டுவதையும் மட்டும் தவிருங்கள். பம்ப் குளிர்வதே தன்னைச் சுற்றியிருக்கும் பெட்ரோலால்தான்.

வண்டியை மாற்றித் தரக் கேட்பது பற்றி. கேட்கலாம், ஆனால் அதை முதல் படியாக வைக்காதீர்கள். தளர்ந்த போல்ட்டுக்காக யாரும் வண்டியை மாற்றித் தர மாட்டார்கள். தயாரிப்பிலேயே குறை, பலமுறை முயன்றும் சரியாகவில்லை என்று காட்ட வேண்டும். அதற்குக் காகிதம் வேண்டும். மூன்று தடவை போனேன் என்கிறீர்களே, சர்வீஸ் சென்டரில் புகாரை எழுதுகிற சீட்டு, ஜாப் கார்டு, மூன்றிலும் என்ன எழுதியிருக்கிறது? 'ஜெனரல் செக்கப்' என்று இருந்தால் உங்கள் புகாருக்குச் சாட்சியே இல்லை. கொள்முதல் நிலையத்தில் மூட்டை கணக்கு எழுதுகிற ஆள் நீங்கள், எழுத்தில் இல்லாதது எடையில் இல்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த தடவை, 'மோசமான சாலையில் ஓடும்போது இன்ஜின் திடீரென நிற்கிறது. மீட்டர் கடிகாரம் 1:00-க்குப் போகிறது. பேட்டரி டெர்மினல், எர்த், மெயின் ஃபியூஸ், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் பார்க்கவும்' என்று தேதி, கிலோமீட்டரோடு எழுதச் சொல்லி, நகலை வாங்கிக்கொள்ளுங்கள். டெக்னீஷியனைப் பின்னால் உட்கார வைத்து நல்ல ரோட்டில் சுற்றிவிட்டு வருவதில் பயனில்லை. குண்டும் குழியுமான தெரு எது என்று கேட்டு அங்கே போங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மறுபடி நின்றால், ஜாப் கார்டு எண்களைப் போட்டுக் கம்பெனிக்கே எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் திருவாரூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அவசரமில்லை.

அவசரமான விஷயம் வேறு. ஆற்றங்கரைச் சாலையில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாய்க்கால், பின்னால் நெல் மூட்டை ஏற்றிய லாரி. ஓடும்போது இன்ஜின் நின்றால் உடனே கிளட்சைப் பிடித்துவிடுங்கள், வண்டி உருளும். பிரேக் வழக்கம்போலப் பிடிக்கும், பயப்பட வேண்டாம். கண்ணாடியில் பின்னால் பார்த்து மெதுவாக இடது ஓரம் வாருங்கள். கரண்ட் மொத்தமாகப் போயிருந்தால் இண்டிகேட்டரும் பின் விளக்கும் எரியாது, கையைத்தான் காட்ட வேண்டும். டெர்மினலைப் பார்க்கும்வரை இருட்டிய பிறகு அந்தச் சாலையில் போகாதீர்கள். பட்டியல் முடிக்க லேட்டானால் மெயின் ரோட்டில் சுற்றியே போங்கள்.

டெர்மினலை இறுக்கியதும் கடிகாரத்தைச் சரியான மணிக்கு வைத்துவிட்டுப் பத்து நாள் ஓட்டுங்கள். மணி தப்பாமல் இருந்து வண்டி மட்டும் நின்றால், மேலே சொன்னபடி பார்த்ததை எழுதி அனுப்புங்கள், அடுத்த இடத்தைத் தேடுவோம்.